மழைக்கு மட்டும் ஸ்கிரிப்ட் தெரியாது

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். நாங்க தீவிர ரசிகர்கள் இல்லை. யாருடைய சராசரி எத்தனை என்று கேட்டால் முழிப்போம். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டீவியில் என்ன ஓடுதோ அதைப் பார்ப்போம், பிளேன்டீ ஆறுறதுக்குள்ள சேனல் மாத்துவோம். அப்படிப்பட்டவங்களுக்கு ஒரு கருத்து இருக்கக்கூடாதா என்ன?

சின்ன வயசில் எங்களுக்கு எல்லாமே ரெஸ்லிங்தான். கட்டிலை ரிங்காக்கி, தம்பியைத் தூக்கிப்போட்டு, அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கினவங்க எங்களில் மூன்று பேர். 'எல்லாம் பேசி வச்சி அடிக்கிறானுங்கடா' என்று ஒரு அண்ணன் சொன்ன அன்றைக்கு ஒருத்தன் சோறே சாப்பிடவில்லை. அண்ணன் பெரிய ரகசியம் ஒன்றும் சொல்லிவிடவில்லை. 1989இலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சி செனட்டில், இது உண்மையான போட்டி இல்லை, பொழுதுபோக்குதான் என்று அந்தக் கம்பனியே சொல்லிவிட்டது. விளையாட்டு என்றால் மாநிலக் கட்டுப்பாடும் வரியும் வரும், அதுதான் காரணம். காசுக்காகச் சொன்ன உண்மை என்றாலும் உண்மை உண்மைதானே.

கிரிக்கெட் அந்த உண்மையை இன்னும் சொல்லவில்லை என்பதுதான் எங்க பிரச்சினை.

2023 செப்டம்பர் 2ஆம் திகதி. ஆசியக் கிண்ணம், இந்தியா - பாகிஸ்தான், அதுவும் எங்க பல்லேகலையில். கண்டியில் அந்த மாதத்தில் மழை வரும் என்று சொல்ல வானிலை நிலையம் தேவையில்லை, எங்க ஆச்சியின் முழங்கால் போதும். இந்தியா 266க்கு ஆட்டமிழந்தது. பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடவில்லை. மழை, குடை, வீடு. சரி, மழையோடு யார் சண்டை போடுறது?

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்க. கொழும்பில் அதே இரண்டு அணிகளும் திரும்ப மோத இருந்தபோது, போட்டித்தொடர் பாதியில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, அந்த ஒரு மெட்ச்சுக்கு மட்டும் ரிசர்வ் டே கொடுத்தாங்க. சூப்பர் ஃபோரில் இலங்கைக்கும் இல்லை, பங்களாதேஷுக்கும் இல்லை. மழை எல்லாருக்கும் ஒன்று, மறுநாள் மட்டும் இரண்டு பேருக்கு. எத்தனை வீட்டில் டீவி ஓடும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. ரெஸ்லிங்கில் இதைச் செய்திருந்தால் கைதட்டியிருப்போம். ஏன்னா அங்கே ஏமாற்று இல்லை.

அடுத்த மாதம் 6ஆம் திகதி '800' வந்தது. கட்டுகஸ்தோட்டை அந்தோனியார் கல்லூரியில் பந்து போடப் பழகின முரளியின் கதை. எங்க ஊர்க்காரர், தாத்தா காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். விஜய் சேதுபதி நடிக்க இருந்ததும், 2020இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்ப முரளியே விலகச் சொன்னதும் தெரிந்ததுதான். கடைசியில் மதுர் மிட்டல் நடித்தார். கண்டியில் பிறந்தவர் கதையில் யார் நடிக்கலாம் என்பதைச் சென்னையில் பேசி முடிச்சாங்க, எங்ககிட்ட யாரும் கேட்கல. கேட்டிருந்தாலும் ஒரே பதில் வந்திருக்காது. முரளி பேசின அரசியல் எங்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. அந்தச் சண்டையை நாங்களே போட்டிருப்போம்.

படம்? முழுக்க யாருக்கோ விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கு. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதின மாதிரி. இரண்டு கிழமைக்குள் 'லியோ' வந்தது, எங்க கூட்டம் அங்கே போய்விட்டது. நாங்களும்தான். லியோவில் லொஜிக் இல்லை என்று வரும் வழியெல்லாம் திட்டினோம், ஆனா யாருமே தூங்கல.

வயிறு எரிவது எங்கேன்னா, எந்த டைரக்டரும் எழுதத் துணியாத கிளைமாக்ஸ் முரளிக்கு ஏற்கனவே நடந்திருக்கு. 2010 ஜூலை, காலி. இதுதான் கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டார். 800க்கு எட்டு விக்கெட் வேணும். இரண்டாம் நாள் முழுக்க மழை. முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாவதில் இரண்டு எடுத்து 799. மற்றப் பக்கம் மாலிங்க ஐந்து எடுத்தாச்சு, லக்ஷ்மன் ரன் அவுட். மிச்சம் ஒரே ஒரு விக்கெட். அதை வேற யாராவது எடுத்தால் ஆயுள் முழுக்க 799தான். இஷாந்தும் ஓஜாவும் ஆளுக்கொரு பக்கம் கட்டை போடுறாங்க, அவுட் ஆகவே மாட்டேங்கிறாங்க. எதிரணி நல்லா ஆடினாத்தான் பதட்டம் வரும், பேசி வச்சா வராது.

அந்த மெட்ச் யூடியூபில் கிடக்கு. பார்க்கிறவங்க நேரா ஓஜாவின் கேட்ச்சுக்குத் தாவ வேண்டாம். லக்ஷ்மன் ரன் அவுட் ஆகுற இடத்திலிருந்து பாருங்க.