அபாயாவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒரு வாசிப்பு வட்டத்தில் அண்மையில் ஒரு சிறுகதை கேட்டேன். உடல் மெலிந்த ஒருத்தி, புயத்தில் தொங்கும் தோலை வெட்டியெடுக்கக் கொழும்புக்குப் போகிறாள். "அபாயாவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?" என்ற கடைசி வரிக்குச் சபை கைதட்டியது. நான் தட்டவில்லை. என் ராத்தாவின் புயமும் அப்படித்தான் தொங்குகிறது.

உடம்பு நிறையக் குறைந்தால் கொழுப்புப் போகும். இழுபட்ட தோல் பழையபடி சுருங்குவது அரிது. தேகப்பயிற்சி தசையைத்தான் வளர்க்கும். நமது வெக்கையில், இரண்டடுக்குத் துணிக்குள், அந்த மடிப்பு வியர்த்து உரசிப் புண்ணாகிறது. யாரும் பார்க்காத இடந்தான். எரிவது அவளுக்கல்லவா!

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றுதல்" என்று ஒரு மௌலவி நண்பர் ஒரே வரியில் முடித்தார். அழகுக்காகப் பல்லை அராவும் பெண்களைப் பற்றிய ஹதீஸ் எனக்கும் தெரியும். ஜாஹிலிய்யாக் காலப் போரொன்றில் மூக்கிழந்த அர்பஜா (ரழி) வைத்திருந்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, பொன்னால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூதில் இருக்கிறதே! அதுவும் ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்ட மார்க்கத்தில். 2007இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் குறை நீக்குவதையும் வெறும் அலங்காரத்தையும் பிரித்தே பார்த்தது. இவள் எந்தப் பக்கம் என்று விசாரிக்காமல் தீர்ப்பெழுதுவது என்ன நியாயம்?

விளம்பரக்காரரையும் விடுவதற்கில்லை. கையைத் தாழ்த்தி எடுத்த படத்தில் தழும்பு தெரியாது. பெரும்பாலும் அது அக்குளிலிருந்து முழங்கைவரை உட்புறமாக ஓடும், மங்கும், மறையாது. நீர் கட்டலாம், தையல் பிரியலாம், முன்கையில் மரத்த இடமொன்று நிலைத்தும் விடலாம்.

போகிறவள் எடை பல மாதங்கள் ஒரே நிலையில் நின்ற பிறகே போகட்டும். சீனி வருத்தமும் இரத்தச்சோகையும் முதலில் கட்டுக்குள் வரவேண்டும். அஸ்பிரின் மட்டுமல்ல, உள்ளிக் குளிசை, கருஞ்சீரக எண்ணெய் என்று எடுப்பதெல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லவேண்டும். தானாக எதையும் நிறுத்தக்கூடாது. மார்புப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணு எடுத்தவர் அதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். கை வீங்கும் ஆபத்து அவருக்கு அதிகம். நம் பெண்கள் புகைப்பதில்லை என்று ஆறுதல்படாதீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் நிக்கொட்டின்தான்; இரத்தக் குழாயைச் சுருக்கிக் காயத்தை ஆறவிடாது. முன்னும் பின்னும் வாரக்கணக்கில் அதைத் துப்பியாக வேண்டும்.

பிறகு இறுக்கமான கையுறை, சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது, கையை உயர்த்தக்கூடாது. நம் கதாசிரியர் தொடாத இடம் இதுதான். வீட்டில் கலந்து பேசியபோது மச்சான் மார்க்கத்தையும் கேட்கவில்லை, செலவையும் கேட்கவில்லை.

"அப்ப கிணத்து வாளிய ஆரு இழுக்கிற?" என்றார்.