எல்லோர் காதிலும் விழும் குரல்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது)



"விஞ்ஞானம் மனிதனுக்கு வரமா, சாபமா?" என்று ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிக்குத் தலைப்புக் கொடுக்கிறார்கள். நானும் எட்டாம் வகுப்பில் "வரமே" என்று முழங்கி, இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் பெற்றேன். அவ்வளவு பெரிய பொருளை நான் இப்போது எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக் காரில் பொருத்தியிருக்கும் ஸ்டீரியோவைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன்.

என் தந்தையார் தோட்டங்களில் மாங்காய் வாங்கிப் பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் தொழில் செய்கிறார். காவேரிப்பட்டினத்தில் இருப்பவர்களுக்கு மாங்காய்க் காலம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மே மாதம் முதல் ஜூலை வரை அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்களை எண்ணிவிடலாம். அந்த மாதங்களில் அவர் காரில்தான் குடியிருப்பார். எங்கள் கார் பழைய கார். வாங்கும்போது அதில் கேசட் பாடும் பெட்டி இருந்தது. பிறகு கைபேசியிலிருந்து ஒயர் மாட்டிப் பாட்டுக் கேட்டோம். அந்த ஒயர் மாதத்திற்கு ஒன்று அறுந்து போகும். சென்ற ஆண்டு அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் புளூடூத் உள்ள புதிய ஸ்டீரியோவைப் பொருத்திவிட்டார். இப்போது காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் போதும், சட்டைப் பையில் இருக்கும் கைபேசி தானே இணைந்துகொள்ளும். பாட்டும் அதில்தான், பேச்சும் அதில்தான்.

புளூடூத் என்றால் நீலப் பல் என்று பொருள். பல்லுக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று தேடிப் பார்த்தேன். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு என்னும் அரசருக்கு நீலப்பல் என்பது பட்டப்பெயராம். சிதறிக் கிடந்த டென்மார்க்கை ஒன்றாக்கியதாகவும், தம் மக்களைக் கிறித்தவராக்கியதாகவும் ஜெல்லிங் என்ற ஊரில் ஒரு பெரிய கல்லில் அவர் பொறித்து வைத்திருக்கிறார். 1998ஆம் ஆண்டில் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி, வெவ்வேறு கருவிகளை ஒயர் இல்லாமல் ஒன்றுசேர்க்கும் இந்த முறையை வகுத்தபோது, இணைத்து வைத்தவர் என்பதால் அவர் பெயரைத் தற்காலிகமாக வைத்தார்கள். தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. நம் கைபேசியில் காணும் அந்தச் சின்னமும் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பழைய ரூனிக் எழுத்தில் சேர்த்து எழுதியதுதான்.

இது வேலை செய்யும் விதம் இன்னும் வியப்பானது. ஏறக்குறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலைகளில் 79 தடங்கள் உண்டு. கைபேசியும் ஸ்டீரியோவும் ஒரு நொடிக்கு 1600 முறை ஒரே ஒழுங்கில் தடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பக்கத்துக் காரின் பாட்டு நம் காரில் கலப்பதில்லை. இப்படித் தாவும் எண்ணத்திற்கு 1942ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை! ஓர் இசையமைப்பாளரோடு சேர்ந்து, பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளை வைத்துக் கணக்கிட்டார். கடலுக்கடியில் செல்லும் குண்டை எதிரி திசை திருப்பிவிடாதிருக்க அவர் எண்ணிய வழி அது. அறிவியல் என்றாலே ஆண்பிள்ளைகளின் பாடம் என்று நினைக்கும் என் அத்தை மகனுக்கு இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

பாட்டுக் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பு ஓசூருக்குப் போகும்போது வானொலிதான் துணை. சூளகிரி தாண்டியதும் தமிழ் நிலையம் கரகரக்கத் தொடங்கும். ஜுஜுவாடியைக் கடந்து அத்திப்பள்ளியில் நுழைவதற்குள் கன்னடப் பாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லை வந்ததைக் கண்ணால் பார்க்குமுன் காதால் அறிவோம். இப்போது பெங்களூர் போய்ச் சேரும் வரையில் அம்மாவின் இளையராஜா பாட்டுகளே ஓடுகின்றன. அம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அந்தக் கரகரப்பு கொஞ்சம் நினைவுக்கு வரும்.

என் வழக்கு பேச்சின் மேல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஒரு திருமணத்திற்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் ஆயாவும் நானும் தம்பியும். ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். பாட்டு திடீரென்று நின்று மணி ஒலித்தது. மாமா அழைத்திருந்தார். அப்பா பொத்தானைத் தொட்டார். வணக்கம் கூடச் சொல்லாமல் மாமா பேச ஆரம்பித்துவிட்டார். "மாமா, ஆத்தோரத்து நிலத்துக்கு விலை பேசி முடிச்சாச்சு. அட்வான்ஸ் வாங்கிட்டேன். அம்மாகிட்ட மட்டும் இப்போ சொல்லாதீங்க, அக்காகிட்டயும் சொல்லி வையுங்க." ஸ்பீக்கர்களில் இரண்டு பின் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மாமாவின் குரல் ஆயாவின் இரண்டு காதிலும் சரியாக விழுந்தது.

அப்பா, "அப்புறம் பேசறேன்" என்று நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தானாக மறுபடி பாடத் தொடங்கியது. அதை அணைக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை. தென்பெண்ணைக் கரையில் உள்ள அந்த நிலத்தில் ஆயா தம் கையால் நாற்று நட்டிருக்கிறார். வெகுநேரம் கழித்து, "மெதுவாப் போங்க மாப்பிள்ளை, ரோட்டைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரும் வரையில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நிலத்தை விற்பது சரியா தவறா என்பது பெரியவர்கள் விஷயம். மாமாவுக்கும் கடன் இருந்தது. ஆனால் ஒரு தாய் அந்தச் செய்தியைக் கேட்க வேண்டிய விதம் அதுவா? மாமா அப்பாவின் காதில் பேசுவதாக நினைத்துப் பேசினார். நான்கு ஸ்பீக்கரில் பேசுவதாக அவருக்கு எப்படித் தெரியும்? தொலைபேசியில் ஒருவர் நம்மை நம்பிப் பேசுகிறார். அவர் அறியாமல் அந்தப் பேச்சைச் சபையில் வைப்பது, பிறர் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படிப்பதைப் போன்றதே என்பது என் கருத்து. ஆகவே காரில் பேச்சை எடுப்பவர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "நான் வண்டியில் இருக்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்பதாக இருக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணைத்த கைபேசியிலுள்ள பெயர்களையும் எண்களையும் பல ஸ்டீரியோக்கள் நகலெடுத்து வைத்துக்கொள்கின்றன. வாடகைக் காரில் இணைத்தவர்களும் காரை விற்பவர்களும் அவற்றை அழித்துவிட்டு இறங்குவது நல்லது.

இனி, ஓட்டுபவரின் கதை. கைதான் ஸ்டீயரிங்கில் இருக்கிறதே, பேசினால் என்ன என்று கேட்கலாம். நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடித்த தொலைபேசியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்து, முதல் குற்றத்திற்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. ஸ்டீரியோவில் பேசுவதை அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் கனடாவில் டொரான்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்கை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். பேசும் நேரத்தில் விபத்து ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காத தொலைபேசியானாலும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. காரணம் எளிது. கண் சாலையில் இருந்தாலும் மனம் தொழிற்சாலை வாசலில் லோடு இறக்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மட்டும் ஆபத்தில்லையா என்று நானே கேட்டுக்கொண்டேன். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார் இதையும் ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். எதிரே லாரி வந்தால் பேச்சை நிறுத்துகிறார், திரும்ப வேண்டிய இடத்தைச் சொல்கிறார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு லாரி தெரியாது. எங்கள் ஆயா எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. அன்று அவ்வளவு துயரத்திலும் "ரோட்டைப் பாருங்க" என்றவர் அவர்தான்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நான் எடுக்கலைன்னா அந்த லோடு வேற ஆளுக்குப் போயிடும் கண்ணு. உன் ஸ்கூல் பீஸு அந்த போன்லதான் வருது" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சுப் போட்டியாக இருந்தால் மணியடித்து என்னைக் காப்பாற்றியிருப்பார்கள்.

நானும் குற்றவாளிதான். ஜூலை மாதம் ஒரு மாலை, மறுநாள் கணக்குத் தேர்வு. கிராப் தாள் வாங்கி வரச் சொல்லலாம் என்று அம்மாவின் கைபேசியிலிருந்து அப்பாவை அழைத்தேன். அவர் சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தார். அங்கே நேர்ந்த விபத்துகளை நம் மாவட்டத்தில் அறியாதவர் உண்டா? அது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. "அப்பா, கிராப் தாள் பத்து..." என்று சொல்லும்போதே ஹாரன் சத்தமும் டயர் தேயும் சத்தமும் கேட்டன. அப்பா, "இரு கண்ணு" என்றார். பிறகு ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்துவிட்டது.

அவர் திரும்ப அழைக்கும் வரையில் நான் வாசற்படியில் நின்ற நேரம் எவ்வளவு என்று சொல்ல இயலவில்லை. முன்னே சென்ற லாரி திடீரென்று பிரேக் போட்டதாகவும், இவரும் போட்டதாகவும், ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். "கிராப் தாள்" என்று சொல்ல ஒரு நொடி ஆகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக அரசு அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை முன்பு பொது அறிவு வினாவிடைக்காக மனப்பாடம் செய்திருந்தேன்.

அன்று இரவு அப்பா கிராப் தாள்களோடு வந்து சேர்ந்தார். அவற்றில் ஒன்றை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

ஓட்டுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று அன்றுதான் எனக்குப் பட்டது. மறுமுனையில் பெரும்பாலும் நாம்தான் இருக்கிறோம். மகள், மனைவி, முதலாளி, அலுவலகம். "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டு, "வண்டி ஓட்டறேன்" என்றால் உடனே வைத்துவிட நமக்கு என்ன தடை? நம் மாவட்டத்திலேயே போச்சம்பள்ளிப் பக்கம் பெண்கள் கூட்டிச் சேர்க்கும் மின்சார ஸ்கூட்டர்களில் பாட்டுக்கு ஸ்பீக்கரே வைத்திருக்கிறார்கள். ஓசூரில் செய்யும் ஸ்கூட்டர்களிலும் யார் அழைக்கிறார்கள் என்பது திரையில் தெரிகிறது. எங்கள் தெரு அக்காமார் சிலர் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். நாளை நானும் போகலாம். இப்பொருள்களைச் செய்யும் ஊரார் நாம், அவற்றோடு எப்படிப் பழகுவது என்பதையும் நாமே முதலில் பேசி முடிவு செய்தால் குறைந்தா போய்விடுவோம்?

எங்கள் வீட்டில் ஓர் உடன்பாடு ஆகியிருக்கிறது. காரில் நாங்கள் யாராவது இருந்தால் கைபேசி அம்மா மடியில் இருக்கும். மணி ஒலித்தால் அம்மா பேச்சை ஸ்டீரியோவிலிருந்து கைபேசிக்கு மாற்றித் தாமே பேசுவார். மாங்காய் வியாபாரிகள் முதலில் தயங்கினார்கள், இப்போது அம்மாவிடமே விலை சொல்கிறார்கள். அம்மா அப்பாவைவிடக் கறாராகப் பேசுகிறார் என்று கேள்வி. அப்பா தனியாகப் போகும்போது என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவதாகச் சொல்கிறார். நம்புகிறேன், பாதி.

மாமா அடுத்த வாரமே வந்து ஆயாவிடம் நேரில் பேசினார். நிலம் கைமாறிவிட்டது. ஆயா இப்போதும் எங்களோடு காரில் வருகிறார். ஏறியதும், "அந்தப் பெட்டியிலே யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார். இல்லை என்று நாங்கள் சொன்ன பிறகுதான் கதவைச் சாத்தவிடுவார்.