எஞ்சின் சத்தம் கேட்டு வண்டி வாங்காதீங்க

எட்டாவது செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் வண்டி விளம்பரம் வரிசையா வர ஆரம்பிச்சிடும். 'ஆர்15 வி3, சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், சீரியஸ் பையர்ஸ் ஒன்லி.' வேலை கிடைச்ச சீனியர் விற்கிறார். வீட்டில் ஆறு மாசமா கெஞ்சிப் பணம் வாங்கின செகண்ட் இயர் பையன் வாங்குகிறான். நடுவில் நடக்கிற பரிசோதனை என்னன்னு பார்த்தா, கூட வந்த நண்பன் ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை முறுக்கி, "எஞ்சின் செம ஸ்மூத் மச்சி" என்று சொல்வதுதான். அதோடு கூகுள் பே.

இந்த நாலு வருஷத்தில் நான் கூடப் போய்ப் பார்த்துக் கொடுத்த வண்டிகள் ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். மெக்கானிக்கல் படிக்கிறேன் என்பதால் கூப்பிடுவார்கள். (சிலபஸில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்பது வேறு விஷயம்.) என் கருத்து இதுதான்: பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, வண்டி விழுந்திருக்கிறதா, எப்படி விழுந்தது என்று. அடுத்தது, ஆர்சி புக் யார் பேரில் இருக்கு, அது உங்க பேருக்கு வருமா என்று.

எஞ்சினில் என்ன கோளாறு இருந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், டைமிங் செயின் எல்லாம் கடையில் கிடைக்கும். மெக்கானிக் அண்ணன் பிரிச்சுப் பார்த்து ஒரு தொகை சொல்லுவார், அதை விலையில் கழிச்சுக்கலாம். வளைந்த சேசிஸை அப்படிக் கணக்குப் போட முடியாது. "பெண்ட் எடுத்துத் தர்றோம்" என்று சொல்லும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஆனா ஃபேக்டரியில் எந்தக் கோணத்தில் வெல்டு பண்ணினார்களோ, அதே கோணம் திரும்ப வந்ததா என்று அளந்து காட்டும் கடையை நான் இன்னும் பார்க்கலை. ஸ்டியரிங் ஹெட் கோணம் கொஞ்சம் மாறினாலும் வண்டி நேராகப் போகும் குணமே மாறும். 40-ல் தெரியாது, 100-ல் பாலத்து வளைவில் தெரியும்.

ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில் இந்தப் பிரச்சினை கம்மி. எலும்பெல்லாம் வெளியே தெரியும். ஆர்15, ஆர்சி 200, ஆர்எஸ் 200, அப்பாச்சி ஆர்ஆர் 310 எல்லாம் முழு ஃபேரிங் போட்ட வண்டிகள். கழற்றி வேற மாட்டிட்டா பழைய கதை மொத்தமும் மறைஞ்சிடும். அதனால் அஞ்சு வருஷ வண்டியில் ஃபேரிங் மட்டும் புத்தம் புதுசா பளபளன்னு இருந்தா, எனக்கு முதலில் வருவது சந்தேகம். ஒரு பக்கம் புதுசு, இன்னொரு பக்கம் வெயிலில் வெளுத்தது என்றால் பதிலே கிடைச்சாச்சு. நிழலில் வைத்து வண்டி பார்க்காதீங்க, நல்ல வெயிலில் பாருங்க, கலர் வித்தியாசம் அப்பதான் தெரியும். ஃபேரிங்கின் உள்பக்கம் மொபைல் டார்ச் அடிச்சா எம்-சீல் வச்சு ஒட்டின தடம், உடைந்த கிளிப்புக்குப் பதில் கட்டின டேக் எல்லாம் கண்ணில் படும். முன்பக்கம் நேரா நின்று மீட்டர், ஹெட்லைட், ஃபேரிங் மூணும் ஹேண்டிலுக்கு நடுவில் இருக்கா என்று பாருங்க. உள்ளே தாங்குகிற பிராக்கெட் வளைந்திருந்தால் எல்லாம் லேசா ஒரு பக்கம் சாயும்.

விழுந்ததைக் கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சும்மா நிக்கும்போது ஸ்டாண்ட் சறுக்கி விழுந்துச்சு ப்ரோ." உண்மையாகவும் இருக்கலாம். அதை வண்டியே சொல்லும். நின்ற இடத்தில் சாய்ந்த வண்டிக்கு ஹேண்டில் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம் என்று துருத்தி நிற்கிற இடங்களில் மட்டும் சின்னச் சின்னக் காயம் இருக்கும். ஓடும்போது விழுந்து ரோட்டில் இழுத்துட்டுப் போன வண்டிக்கு முன்னாலிருந்து பின்னால் நீளமான கோடுகள் இருக்கும். எஞ்சின் கவர், ஸ்விங் ஆர்ம், சைலன்சர் ஓரத்தில் தேடுங்க. ஃபேரிங்கை மாத்துறவங்க ஸ்விங் ஆர்மை மாத்த மாட்டாங்க, காசு அதிகம். நம்பர் பிளேட் அடிப்பக்கமும் டெயிலின் கீழும் தேய்ஞ்சிருந்தா, அண்ணன் வீலிங் பார்ட்டி. அந்த வண்டியின் கோன் செட்டும் ஃபோர்க்கும் எத்தனை தடவை தரையில் வந்து மோதியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடிச்ச செக் ஒன்று உண்டு, விற்கிறவர் பெரும்பாலும் இதை மறைக்க மறந்திடுவார். ஹேண்டிலை முழுசா ஒரு பக்கம் திருப்பினால், அதுக்கு மேல போகாமல் ஒரு இடத்தில் இடித்து நிற்கும் இல்லையா? அந்த ஸ்டாப்பர் டி-ஸ்டெம்மிலும் சேசிஸிலும் இருக்கும். குனிஞ்சு, கழுத்தை வளைச்சு, டார்ச் அடிச்சு அதைப் பாருங்க. சாதாரணமா ஓட்டின வண்டியில் லேசாப் பெயிண்ட் போயிருக்கும், அவ்வளவுதான். ஆழமா நசுங்கி இருந்தாலோ உடைந்து வெல்டு வச்சிருந்தாலோ, முன்சக்கரம் பலமா எதிலேயோ மோதித் திரும்பியிருக்கு என்று அர்த்தம். பக்கத்திலேயே சேசிஸ் கழுத்துப் பகுதியில் பெயிண்ட் விரிசல், சம்பந்தமில்லாத புதுப் பெயிண்ட் இருக்கா என்றும் பாருங்க. இருந்தால் விலை பேசவே வேண்டாம், டீ குடிச்சுட்டு கிளம்பிடுங்க.

இந்த வண்டிகளில் நிறைய மாடலுக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. அதனால் நண்பனை விட்டு வண்டியை சைடு ஸ்டாண்ட் மேல் கவனமாகச் சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லுங்க. ஹேண்டிலை மெதுவா இடமிருந்து வலம் திருப்பினால் வழுக்கிட்டுப் போகணும். நடுவில் ஒரு பள்ளத்தில் சிக்குவது போல் 'டக்' என்று நின்றால் கோன் செட் போயிடுச்சு. அது பெரிய செலவில்லை, பேரம் பேச நல்ல பாயிண்ட். ஃபோர்க் ரெண்டும் இணையா இருக்கா, குழாயில் எண்ணெய் வளையம் இருக்கா என்று பார்த்துட்டு, டயர் ரெண்டையும் நனைச்சு காய்ந்த தரையில் நேரா பத்து மீட்டர் ஓட்டச் சொல்லுங்க. பின்சக்கரத்தின் ஈரத்தடம் அகலமா, முன்சக்கரத் தடம் அதன் நடுவில் விழணும். ஒரு பக்கமா விலகினால், முதலில் செயின் அட்ஜஸ்டர் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கா என்று பாருங்க. அது சரியா இருந்தும் தடம் விலகினால் வேண்டாம்.

அதுக்காக விழுந்த வண்டியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. காலேஜ் பையன் ஓட்டின ஸ்போர்ட்ஸ் பைக் ஒரு தடவை கூட கீழே விழலைன்னு சொன்னா அதுதான் நம்பக் கஷ்டம். "இந்த இடத்தில் விழுந்தேன், இதெல்லாம் மாத்தினேன், பில் இதோ" என்று சொல்பவரிடம் கண்ணை மூடிட்டு இல்லாவிட்டாலும், ஒரு கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

மீதியைச் சீக்கிரம் சொல்லிடறேன். எஞ்சினைத் தொட்டுப் பாருங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடா இருந்தால், ஆறட்டும் என்று காத்திருந்து நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நீலப் புகை வந்தால் ஆயில் எரியுது. ரேடியேட்டர் இருக்கிற வண்டி என்றால் ஃபேன் சுத்துற வரைக்கும் ஓட விடுங்க. ஓடோமீட்டரை நான் பார்ப்பதே இல்லை. டிஜிட்டல் மீட்டரை மாத்துறது கஷ்டமில்லை. 15,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொழுமொழுன்னு தேய்ஞ்சு, டிஸ்க் ஓரத்தில் விரல் நகம் தடுக்கிற அளவு படி விழுந்திருந்தால் யார் பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சிடும். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் பிடிச்சு இழுத்துப் பாருங்க, பல்லில் பாதி தெரிஞ்சா செட் மொத்தமா மாத்தணும். ஏபிஎஸ் லைட் சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணையணும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வச்சிருக்காங்க. ஆர்15 வி3 பார்க்கிறவர்களுக்கு ஒன்று: 2018-இல் வந்தது ஏபிஎஸ் இல்லாமல், 2019 ஜனவரியில்தான் ஏபிஎஸ் சேர்த்தார்கள். பணம் கொஞ்சம் கூட ஆனாலும் ஏபிஎஸ் உள்ளதையே வாங்குங்க.

இப்ப பேப்பர். நம்ம ஹாஸ்டலில் ஓடும் பழைய வண்டிகளில் எத்தனை பேர் வண்டி அவரவர் பேரில் இருக்கு? மூணு பேட்ச்சுக்கு முன்னாடி பாஸ் அவுட் ஆன யாரோ ஒரு அண்ணன் பேரில் ஓடும் வண்டி எனக்கே ரெண்டு தெரியும். கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 மட்டும் கை மாறிக்கிட்டே இருக்கும். "எப்ப வேணா மாத்திக்கலாம் டா." மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி விற்றவர் 14 நாளில் தெரிவிக்கணும், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்கணும். பேர் மாத்தாமல் ஓட்டி ஒரு விபத்து நடந்தால் என்ன ஆகும்? 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வண்டி பல கை மாறியிருந்தாலும் ஆர்சியில் யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்டஈடு அவர் தலையில் என்று. சீனியர்கள் இதைக் கவனிச்சுப் படிக்கணும்.

வாங்குகிறவர்களுக்கு இதைவிட மோசமான ஒன்று இருக்கு. இன்சூரன்ஸோடு வருகிற 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் ஓனருக்கு உரியது. ஆர்சியில் உங்க பேர் இல்லாமல் ஓட்டும்போது உங்களுக்கு ஏதாவது ஆனால், உங்க அம்மா அப்பா அதில் ஒரு ரூபாய் கேட்க முடியாது. ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் பேர் மாத்தினால்தான் உங்களுக்கு. "இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு" என்று சொன்னால் எது என்று கேளுங்க. 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கின புது வண்டிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்தே போட்டிருப்பாங்க. ஃபர்ஸ்ட் பார்ட்டி முதல் வருஷத்தோடு முடிஞ்சிருக்கலாம்.

பரிவாஹன் தளத்தில் நம்பர் போட்டு லோன் இருக்கா, அபராதம் பாக்கி இருக்கா என்று பாருங்க. லோன் முடிஞ்சிருந்தாலும் பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. நம்பர் தேய்ஞ்சிருந்தால், சுரண்டின மாதிரி இருந்தால் அந்தத் திருட்டு உங்க தலையில் வந்து விழும். பாண்டி, கர்நாடகா வண்டி சல்லிசா கிடைக்குதுன்னு ஓடாதீங்க. என்ஓசி வாங்கி, இங்கே ரோடு டாக்ஸ் கட்டி, மறுபடி ரிஜிஸ்டர் பண்ணணும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பல நேரம் லாபமே இல்லை.

கன்சல்டிங் கடையில் வாங்கினாலும் இதே கதைதான். "பேர் மாத்தி நாங்களே அனுப்பறோம்" என்று வாங்கி வச்சுக்கிட்டு மாசக்கணக்கில் இழுத்தடிச்ச கடையில் என் ரூம்மேட் நடையா நடந்தான். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுத்திருந்தான், அதனால் அவங்களுக்கு அவசரமில்லை. அஞ்சாயிரமாவது பிடிச்சு வையுங்க, புது ஆர்சி கைக்கு வந்ததும் கொடுக்கறேன்னு எழுதி வாங்குங்க. முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

என் பேட்ச் மக்களே, இந்த ஏப்ரல் மே மாசம் நம்மில் நிறைய பேர் வண்டியை விற்றுட்டு பெங்களூரு, ஹைதராபாத் என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பப் போறோம். ஜாயினிங் டேட்டுக்கு முன்னாடி ஒரு அரை நாள் ஒதுக்கி, வாங்குற ஜூனியரோடு ஆர்டிஓ ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடுங்க. எங்கே விழுந்தீங்க என்பதையும் போற வழியிலேயே சொல்லிடுங்க.