மூணு மாசக் கணக்கு

எனக்கு சுகர் வந்து நாலு வருஷம். டாக்டரைப் பார்த்தது மூணே தடவை. மெடிக்கல் ஷாப்காரரைத்தான் மாசா மாசம் பார்க்கிறேன். பழைய சீட்டை நீட்டினால், "அதேதானே சார்?" என்று மாத்திரை அட்டையை எடுத்துப் போட்டுவிடுவார். கியூ இல்லை, ஃபீஸ் இல்லை, முக்கியமாக திட்டு இல்லை!

ரத்த டெஸ்ட் என்றால் மட்டும் பரீட்சை ஜுரம். ரெண்டு நாள் முன்னாடியே ஸ்வீட் கட். காலையில் வாக்கிங். வெறும் வயிற்றில் 122. டாக்டரே கை கொடுத்தார்.

போன மாசம் புது டாக்டர், ஹெச்பிஏ1சி எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்குமாம். அதில் ஒட்டிய சர்க்கரையைப் பார்த்தால் ரெண்டு மூணு மாசச் சராசரி தெரிந்துவிடும். பி.காம். மூளைக்குச் சட்டென்று புரிந்தது: கடைசி நாள் கேஷை மட்டும் சரிக்கட்டிவிட்டு ஆடிட்டரிடம் மாட்டிக்கொண்டேன்! பொதுவாக 7-க்குள் இருக்கணும். எனக்கு 8.9.

"கண்ணு, காலு, கிட்னி... ஒண்ணுகூட செக் பண்ணலையா?"

தலையைக் குனிந்தேன்.

ஊரில் அம்மாவுக்கு பி.பி. அரசாங்கம் 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தாள். அம்மா ஒரு வேளை தவறியதில்லை.

"அந்தப் பொண்ணு கேக்குமேன்னு முழுங்கிடுவேன்டா. ஒன்னை யாரு கேக்கறா?" என்றாள் போனில்.

இன்று கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கிருந்துதான் எழுதுகிறேன். எழுத்து கலங்கித் தெரிகிறது. சொட்டு மருந்தாகத்தான் இருக்கணும்.