கழுத்துப் பட்டையிலா இருக்கிறது கௌரவம்?

"ஆகாயத்தில் பறக்கிறவன் கோட்டுப் போட்டால் நமக்கென்ன, கைலி கட்டினால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். விமானிகளில் பலர் லட்சக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இருமுகிற மில் தொழிலாளிக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிற விவசாயத் தொழிலாளிக்கும் அவர்களுடைய உடுப்பைப் பற்றிய பேச்சு எதற்கு? கேள்வி நியாயமானதே. ஆனால் சங்கதியைக் கிளறிப் பார்த்தால், மில் கேட்டிலும் வயல் வரப்பிலும் நடக்கிற அதே வழக்குத்தான் ஆகாயத்திலும் நடக்கிறது என்பது தெரியும்.

வழக்கு இதுதான். அமெரிக்காவில் விமானிகள் பலர் வேலை தொடங்குகிற ஊரில் குடியிருப்பதில்லை. விமானத்தில் காலியாக இருக்கும் இடத்தில் இலவசமாக ஏறி வேலைக்குப் போகிறார்கள். அப்போது வேலை நேரம் தொடங்கவில்லை. அந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது. ஆனாலும், கிழிந்த ஜீன்ஸ் கூடாது, ரப்பர் செருப்புக் கூடாது என்று கம்பெனிகள் சட்டம் போடுகின்றன. ஒரு காலத்தில் கோட்டும் டையும் இல்லாமல் ஏறவே முடியாது என்றிருந்த கம்பெனிகளும் உண்டு. சட்டம் ஊழியரோடு நிற்கிறதா? இல்லை, குடும்பத்தின் மேலும் பாய்கிறது. 2017 மார்ச் 26-ம் தேதி டென்வர் விமான நிலையத்தில், ஊழியர் குடும்பச் சலுகைச் சீட்டில் பயணம் செய்ய வந்த இரண்டு இளம் பெண்களை, லெக்கிங்ஸ் அணிந்திருந்தார்கள் என்பதற்காக யுனைடெட் கம்பெனி ஏற்ற மறுத்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் அதே உடையில் தாராளமாகப் பயணம் செய்யலாம் என்று அந்தக் கம்பெனியே விளக்கமும் சொன்னது. காசு கொடுத்தவருக்கு ஒரு நீதி, உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதி. பார்த்தீர்களா சங்கதியை?

இந்தச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் முதலாளிகள் மட்டுமல்ல. வயதான விமானிகளில் சிலரும் வாங்குகிறார்கள். இளைஞர்கள் ஓய்வு நேரத்தில் பனியனும் செருப்புமாகத் திரிகிறார்களாம். பள்ளிக்கூடப் பையனைப் போல முதுகில் பை மாட்டிக் கொள்கிறார்களாம். அதனால்தான் தொழிலின் மதிப்புக் குறைந்ததாம். மதிப்புக் குறைந்ததால்தான் சம்பளமும் குறைந்ததாம். ஆள் பாதி, ஆடை பாதி அல்லவா! என்ன அழகான தத்துவம்! சம்பளத்தை வெட்டிய கை முதலாளியுடையது. பழியோ சக தொழிலாளியின் செருப்பின் மேல்!

இந்த உடுப்பு வந்த கதையைக் கேளுங்கள். ஆரம்ப கால விமானிகள் தோல் சட்டை அணிந்து, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பறந்தவர்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பான் அமெரிக்கன் கம்பெனியின் தலைவர் ஜுவான் டிரிப், கடல் கடந்து பறக்கப் பணக்காரப் பயணிகள் அஞ்சுவதைக் கண்டார். கப்பல் என்றால் அவர்களுக்குப் பயமில்லை. ஆகவே விமானிக்குக் கப்பல் அதிகாரியின் கோட்டையும், பொன் பட்டைகளையும், வெள்ளைத் தொப்பியையும் மாட்டிவிட்டார். "கேப்டன்" என்ற பட்டத்தையும் கப்பலிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். டிக்கெட் விற்பதற்காகச் செய்த அலங்காரம் இது. கடை வாசலில் தோரணம் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தத் தோரணம் விமானியின் வயிற்றைக் காப்பாற்றியதா? இல்லை. 1931-ல் டேவிட் பென்கே என்ற விமானி, தம் தோழர்களை முதலில் ரகசியமாகத் திரட்டிச் சங்கம் அமைத்தார். 1932-ல் சிகாகோவில் கார்டு என்ற முதலாளி சம்பளத்தை வெட்டினார். பணிய மறுத்தவர்களை வெளியே தள்ளினார். சங்கம் நின்று போராடியது. 1934-ல் மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. தொப்பி கொடுத்தது முதலாளி. வரம்பு கொடுத்தது சங்கம். இரண்டில் எது கௌரவம்?

இனி 2009-ம் ஆண்டுக்கு வருவோம். ஜனவரி 15-ம் தேதி நியூயார்க்கில், பறவைகள் மோதி இரண்டு என்ஜின்களும் செயலிழந்த விமானத்தைக் கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கி, 155 பேரின் உயிரைக் காப்பாற்றினார். உலகமே கை தட்டியது. அடுத்த மாதம் அவர் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டியின் முன் என்ன சொன்னார்? தமது சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், பென்ஷன் பறிக்கப்பட்டதையும் சொன்னார். அவர் டை கட்டாதவரா? உடுப்பில் குறை வைத்தவரா? 2005-ல் யுனைடெட் கம்பெனி திவால் கோர்ட்டின் அனுமதியோடு தன் ஊழியர்களின் நான்கு பென்ஷன் திட்டங்களைக் கைகழுவிற்று. டை கட்டியவர் பென்ஷனை ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டாதவர் பென்ஷனை மட்டுமா விழுங்கினார்கள்?

ஆற்றில் இறங்கிய அந்த அதிசயத்துக்கு நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 12-ம் தேதி இரவு, பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர். விமானத்தின் மேல் எழுதியிருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் என்ற சின்னக் கம்பெனி. நமது பாஷையில் சொன்னால் காண்டிராக்ட் முறை! வேகம் குறைந்த விமானத்தைக் கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. இரு விமானிகளின் களைப்பும் அவர்களுடைய வேலையைக் கெடுத்திருக்கும் என்றும் சொன்னது. களைப்பு எங்கிருந்து வந்தது? 24 வயதான துணை விமானி, ஆண்டுக்கு 24,000 டாலருக்கும் குறைந்த சம்பளத்தில், முந்திய இரவு முழுவதும் நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்குப் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். தங்க அறை எடுக்கவில்லை. ஊழியர் அறையிலேயே கண்ணயர்ந்தார். அந்த அறையில் இரவு தூங்கக் கூடாது என்று நிர்வாகத்தின் உத்தரவு வேறு! உடுப்புக்குச் சட்டம் உண்டு. நாற்காலியில் தூங்காதே என்பதற்கும் சட்டம் உண்டு. படுக்க ஒரு கட்டில் தர மட்டும் சட்டம் இல்லை. அந்த 50 பேர் போன பிறகே ஓய்வு விதிகள் திருத்தப்பட்டு 2014-ல் அமலுக்கு வந்தன. அதிலும் சரக்கு விமானிகளை விலக்கி விட்டார்கள். பெட்டி சுமக்கிறவனுக்குத் தூக்கம் வேண்டாமோ?

விமானிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பொன் பட்டை பல சமயம் அவர்கள் கண்ணையே மறைத்துவிட்டது. தாங்கள் தொழிலாளிகள் அல்ல, கனவான்கள் என்று நினைத்துக் கொண்டார்கள். 1981-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, ஜனாதிபதி ரீகன் 11,000-க்கு மேற்பட்டவர்களை ஒரே அடியாக வேலை நீக்கம் செய்தார். விமானிகள் சங்கம் கூட நிற்கவில்லை, விமானங்கள் பறந்தன. இரண்டே ஆண்டுகளில் முறை இவர்களுக்கு வந்தது. 1983-ல் கான்டினென்டல் முதலாளி லோரன்சோ திவால் மனுப் போட்டு ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்தார். விமானிகள் 1985 வரை வேலை நிறுத்தம் செய்தும் வெல்ல முடியவில்லை. பக்கத்து வீடு எரியும்போது ஜன்னலைச் சாத்திக் கொண்டவனுக்குத் தன் கூரை எரியும்போது குடம் தூக்க யார் வருவார்?

ஆனால் பாடம் படித்தவர்களும் உண்டு. 2022-ல் டெல்டா விமானிகள் அதே கோட்டு, அதே தொப்பியோடு விமான நிலைய வாசல்களில் கோரிக்கை அட்டை ஏந்தி வரிசையாக நின்றார்கள். வேலை நிறுத்தத்துக்கு ஏறத்தாழ அனைவரும் ஒப்புதல் வாக்களித்தார்கள். 2023 மார்ச்சில் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு தரும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டிக்கெட் விற்க முதலாளி தைத்த உடுப்பு, உரிமை கேட்கும் உடுப்பாக மாறியது!

நாம் ஒழுங்கீனத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் வீட்டுப் பழமொழி. வேலை நேரத்தில் உடுப்பு வேண்டும். ஆபத்து வந்தால் யார் சொல்வதைக் கேட்பது என்று பயணிக்குத் தெரிய வேண்டும். இந்தியாவில் விமானி பறப்பதற்கு முந்திய 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. அது ஓய்வு நேரத்தில் தலையிடுவதுதான்; ஆனாலும் மனமார ஏற்கிறோம். ஏனென்றால் அது பயணியின் உயிருக்காகப் போட்ட விதி. செருப்புச் சட்டமோ முதலாளியின் விளம்பரத்துக்காகப் போட்ட விதி. அவர் வாங்கியது வேலை நேரத்தை. மிச்ச நேரம் விமானியுடையது.

கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோளில் துண்டு போடாதே, வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்காதே என்று மிராசுதார் வைத்த சட்டத்தை அனுபவித்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். அந்த ஜாதிக் கொடுமையும் இந்த டை விவகாரமும் ஒன்றல்ல. ஒன்றென்று சொன்னால் அது பாட்டன்மார் பட்ட பாட்டை அவமதிப்பதாகும். ஆனால் "வேலை முடிந்த பிறகும் நீ என் ஆள்" என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. துண்டு தோளில் ஏறியது மிராசுதாரின் தயவாலா? செங்கொடிச் சங்கத்தால்!

இந்தியாவில் நடந்ததையும் பாருங்கள். விமானியின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் விமானம் இறக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, 2024 ஜனவரியில் விதிகள் வந்தன. அவற்றை அமல் நடத்தவே விமானிகள் சங்கங்கள் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டங்களில் விதிகள் அமலாயின. உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனியோ, கால அவகாசம் இருந்தும், போதிய ஆட்களோடு தயாராக இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக் கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஜனங்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? இரவு வேலை விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்களித்தது! விமானியின் தூக்கத்தை விட ஏகபோக முதலாளியின் கால அட்டவணை பெரிதாகிவிட்டது.

விமானி நண்பர்களே! உங்கள் தொழிலின் கௌரவம் டையில் இல்லை. தூங்கி எழுந்த கண்ணில் இருக்கிறது, வயதான காலத்துப் பென்ஷனில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் இளைஞனின் செருப்பைப் பார்க்காதீர்கள்; அவனுடைய சம்பளச் சீட்டைப் பாருங்கள். மூட்டை ஏற்றுகிறவரையும், விமானத்தைக் கழுவுகிறவரையும் தோழர் என்று அழையுங்கள்.

மில் தோழர்களே, வயல் தோழர்களே! "அவன் லட்சம் வாங்குகிறவன், அவனுக்கென்ன?" என்று நாமும் ஒதுங்க வேண்டாம். கூலி கூடினாலும் குறைந்தாலும், உழைப்பை விற்றுப் பிழைக்கிறவன் தொழிலாளியே. வேலை நேரத்துக்கு வரம்பும் ஓய்வு நேரத்துக்கு உரிமையும் அவனுக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும்.