கடை அடைத்த பிறகு படிப்பு



மத்திகிரி, ஓசூர் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் பத்தாவதோடு அல்லது பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கல்லாவில் அமர்ந்தவர்கள்தாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசத் தெரிந்தவனுக்குப் பட்டம் எதற்கு என்று கேட்டே காலத்தை ஓட்டிவிட்டோம். இன்று கடை ஊழியரும், பிள்ளைகளை வளர்த்து முடித்த நம் வீட்டுப் பெண்களும் செல்போன் வழியாகவே பி.காம். படிக்கலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கு எடுப்பவர்கள் அல்ல நாம். இதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. இன்றைய முறையில் 3 ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்றால் மொத்தம் 3,600 மணி நேரம். மூன்றே ஆண்டில் முடிக்க நினைத்தால், ஞாயிறு பண்டிகை பாராமல் தினம் மூன்றேகால் மணி நேரம் வேண்டும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீடு போய்ச் சேருபவருக்கு இது நடக்கிற காரியமா? 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே பட்டத்தை 6 ஆண்டு வரை நிதானமாக முடிக்க இடம் தருகிறது. அப்படியானால் தினம் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. கல்லாவில் கூட்டமில்லாத பிற்பகலிலேயே பாதி முடிந்துவிடும். 'வேலை பார்த்துக்கொண்டே சுலபமாக' என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

அடுத்தது செல்லுபடி. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஆன்லைனிலோ தொலைதூர முறையிலோ தரும் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் தெளிவாக அறிவித்துவிட்டது. நிறுவனத்துக்கு மட்டுமன்றி, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும், சேரும் ஆண்டுக்கும் அனுமதி உண்டா என்று குழுவின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றை இம்முறையில் தருவதாக எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கும் பட்டம் தமிழக அரசு வேலைக்கு ஏற்கப்படுவதில்லை என்பது 2009 அரசாணை. பத்தாவதோடு நின்ற நம் ஊழியர் முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதுவதே நல்லது.

நமக்குத் தெரிந்த ஜவுளிக் கடையில் பில் போடும் பெண்மணி ஒருவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இடைத்தரகர் ஒருவரிடம் மொத்தப் பணத்தையும் கட்டினார். ரசீது கிடைத்தது, சேர்க்கை எண் கிடைக்கவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியவர் அவர். பிறகு பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக விண்ணப்பித்துச் சேர்ந்து, இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறார். போன பணம் போனதுதான்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது முதலாளிகளாகிய நம்மைப் பற்றி. மேற்சொன்ன பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஜூன் என்றால் நோட்டுப் புத்தகம், சீருடை விற்கும் பள்ளிச் சீசன். டிசம்பர் என்றால் பொங்கல் கொள்முதல். அந்த நேரம் பார்த்து விடுப்புக் கேட்டால் நமக்கு முகம் சுளிக்கிறது. உண்மையைச் சொன்னால், படித்துவிட்டால் சிப்காட் கம்பெனிக்குப் போய்விடுவானே என்ற பயமும் நமக்கு உள்ளுக்குள் உண்டு. போகத்தான் செய்வார்கள், சிலர். அதற்காகத் தேர்வு நாளில் கடைக்கு வரச் சொல்வது நியாயமாகாது.

ஜூன் தேர்வு எழுதுபவர் யார் யார் என்று ஏப்ரலிலேயே கேட்டு வைத்தால் பக்கத்துக் கடைகளோடு ஆள் மாற்றிச் சமாளிக்கலாம். தேர்வு நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்றும் சேர்த்து, அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதப் பொருளாக வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.