நம்ம ரோட்டுக்கு டைனமோ சரிப்படாது



சாயங்காலம் தனி வகுப்பு வைத்தால் யார் யார் இருப்பீர்கள் என்று டீச்சர் கேட்டார்கள். எங்கள் வகுப்பில் கை தூக்கிய பெண்கள் மூன்றே பேர். மற்றவர்களுக்குப் படிக்க ஆசை இல்லாமல் இல்லை, வீட்டில் விடமாட்டார்கள். "இருட்டிடும், கரடி வரும்" என்று எங்கள் அம்மாவும்தான் சொன்னாங்க. அது பொய்யும் இல்லை. பலா பழுக்கிற காலத்தில் கரடி நிஜமாகவே ரோட்டுப் பக்கம் வரும். ஆனால் ரோடு இருட்டு என்றால் பெண் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதா, சைக்கிளுக்கு ஒரு விளக்கு மாட்டுவதா? விளக்கு மாட்டுவதுதான் சரி என்பது என் கருத்து.

எந்த விளக்கு? அப்பா உடனே டைனமோ என்றார். டயரோடு உரசி அதன் தலை சுற்றும், உள்ளே காந்தம் சுற்றும், கம்பிச்சுருளில் மின்சாரம் வரும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். பேட்டரி செலவே கிடையாது. கீழே போளூர் பக்கம் சம ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். நம்ம மலையில் மேட்டில் யார் மிதித்து ஏறுகிறோம்? இறங்கித் தள்ளிக்கொண்டுதானே போகிறோம்! தள்ளும்போது டைனமோ விளக்கு மங்கலாக மினுக் மினுக் என்கும். மூச்சு வாங்க நின்றால் சுத்தமாக அணைந்துவிடும். கரடிக்குப் பயப்படுகிற இடமே அதுதான். இறக்கத்தில் அதற்கு நேர்மாறாக, வேகம் அதிகமாகி பல்பு பியூஸ் போய்விடும். தாத்தா சைக்கிளில் இப்படியே மூன்று பல்பு போனது. மழையில் டயர் நனைந்தால் வழுக்கவும் செய்யும்.

அதனால் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்குதான் நமக்கு. அதிலும் சார்ஜ் போடுவதை விட பென்சில் பேட்டரி போடுவதை வாங்குங்கள். காற்று மழை என்றால் நம்ம ஊரில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? விளக்கு வாங்க முடியாதவர்கள் வீட்டு டார்ச்சையே பழைய டியூபை வெட்டி ஹேண்டில்பாரில் கட்டலாம். நான் அப்படித்தான் கட்டியிருக்கிறேன். மூன்று சுற்று சுற்றினால் குலுங்காது.

கட்டும்போது கொஞ்சம் கீழே சாய்த்துக் கட்டணும். பத்தடி தூரத்தில் ரோட்டில் விழுந்தால் குழி தெரியும். நேராக வைத்தால் எதிரே நடந்து வருகிற பாட்டிக்குக் கண் கூசி பள்ளத்தில் கால் வைப்பார்கள். பையன்கள் விட்டு விட்டு எரியும்படி வைத்து ஸ்டைல் காட்டுகிறார்கள். முன்னால் அது வேண்டாம், குழியே தெரியாது. பின்னால் சிவப்பு விளக்கு அப்படி எரிந்தால் நல்லது. பின்னால் வரும் வண்டிக்காரருக்குச் சீக்கிரம் கண்ணில் படும். அது இல்லையென்றால் சிவப்பு ரிஃப்ளெக்டராவது கட்டாயம் வேண்டும்.

ரோடு முழுக்க தெருவிளக்கு போட்டால் இந்தப் பாடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஊருக்குள்ளும் பஸ் நிற்கும் இடத்திலும் வேண்டும்தான். ஆனால் காட்டு ரோடு முழுவதும் வேண்டாம் என்பேன். நம்ம மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் வைணு பாப்பு பெயர் வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க வானம் இருட்டாக இருக்கணும். மேலே போகிற வெளிச்சம் எல்லாம் அவர்களுக்கு இடைஞ்சல். கீழே சாய்த்த சைக்கிள் விளக்கு நமக்கும் போதும், அவர்களையும் கெடுக்காது.

"கூட ஆள் இருந்தா போ" என்று அம்மா இப்போது சொல்லிவிட்டாங்க. நாலு பேர் சேர்ந்து வந்தால் நாலு விளக்குகூட வேண்டாம். முதல் சைக்கிளில் வெள்ளை, கடைசி சைக்கிளில் சிவப்பு இருந்தால் சமாளிக்கலாம். வெள்ளை என்னிடம் இருக்கிறது. சிவப்பு இருக்கிறவர்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்து சொல்லுங்கள். டியூப் துண்டும் நிறைய வைத்திருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி